டிரேக் சமன்பாட்டின் கடைசி எழுத்து: வேற்றுலக உயிர் தேடல் பற்றிப் பேசுவோமா?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக பிராங்க் டிரேக்கின் பேட்டிகளையும் உரைகளையும் தோண்டிக்கொண்டிருக்கிறேன். 2022 செப்டம்பரில் 92 வயதில் மறைந்த அமெரிக்க வானியலாளர். வேற்றுலக உயிர் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் எடுத்துப்போடும் அந்தச் சமன்பாட்டை, பால்வீதியில் நமக்குத் தெரியும்படி எத்தனை நாகரிகங்கள் இருக்கலாம் என்று ஏழு எண்களைப் பெருக்கிப் பார்க்கும் சமன்பாட்டை, எழுதியவர். ஆனால் எனக்குப் பிடித்தது அவர் செய்த முதல் தேடல்தான்.

1960 ஏப்ரல் 8, விடியற்காலை நாலு மணி வாக்கில் ஆரம்பித்தார்கள். மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே கிரீன் பேங்க் என்ற ஊர், 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கித் தட்டு. டிரேக்குக்கு அப்போது 29 வயது. கேட்டது 1420 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது ஹைட்ரஜன் அணு தானாக உமிழும் அலையில். அண்டத்தில் அதிகம் இருப்பது ஹைட்ரஜன், ரேடியோ தெரிந்த எவனும் அந்த எண்ணை அறிந்திருப்பான் என்பது கணக்கு. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சேனல், 100 ஹெர்ட்ஸ் அகலம். அதை மெல்ல மெல்ல நகர்த்திக் கேட்க வேண்டும்.

முதலில் டௌ செட்டி என்ற நட்சத்திரம். அது மறையும்வரை ஒன்றுமில்லை. அப்புறம் தட்டை எப்சிலான் எரிடானி என்ற இன்னொரு நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினார்கள். சில நிமிடத்தில் ஒலிபெருக்கி படபடவென்று அடிக்க, தாளில் கோடு போடும் பேனா எகிறிக் குதித்தது. நொடிக்கு எட்டுத் துடிப்பு. இவ்வளவு சுலபமா என்று திகைத்துப்போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தட்டை விலக்கினார்கள், சத்தம் நின்றது. திரும்பக் கொண்டுவந்தார்கள், சத்தம் இல்லை. பத்து நாள் கழித்து அதே துடிப்பு மறுபடி வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்த ஒரு சின்ன ஆன்டெனாவிலும் அது கேட்டது. நட்சத்திரத்திலிருந்து வருவது சின்ன ஆன்டெனாவில் விழாது. ஏதோ விமானமாக இருக்க வேண்டும் என்று முடித்துக்கொண்டார்கள்.

கடைசிவரை டிரேக் மனம் தளரவில்லை. வேற்றுலகத்தார் இருக்கிறார்கள், விண்கலத்தில் வரமாட்டார்கள் (அவ்வளவு தூரம் வர ஆகும் ஆற்றல் கட்டுப்படியாகாது), ரேடியோவில்தான் பிடிபடுவார்கள் என்பது அவர் கட்சி. உங்கள் கட்சி என்ன?

பி.கு.: நானும் மாடியில் ஒரு கூம்பு ஆன்டெனா கட்டி அதே 1420-ஐக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

குறுக்குசால் எழுதியது:

தெரியாத எண்கள் ஏழைப் பெருக்கினால் எட்டாவதாக ஒரு தெரியாத எண் வரும். இதற்குப் பெயர் சமன்பாடா?

எதிர்ப்புக்காக எதிர்க்கவில்லை. ஆண்டுக்கு எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது என்பது தெரியும். எத்தனை நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்பதும் இப்போது ஓரளவு தெரியும். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குத்துமதிப்புக்கூட இல்லை. கோளில் உயிர் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு? நம்மிடம் இருப்பது ஒரே ஒரு உதாரணம், அதுவும் நாமே. லாட்டரியில் பரிசு விழுந்தவனிடம் போய் லாட்டரியில் பரிசு விழுமா என்று கேட்பது மாதிரி.

1950-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டின்போது இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி கேட்டார்: அப்படியானால் எல்லோரும் எங்கே? இன்றுவரை பதில் வரவில்லை.

கணக்கு டீச்சர் எழுதியது:

குறுக்குசால் தம்பி, அது சமன்பாடு இல்லை என்பதை டிரேக்கே ஒப்புக்கொள்வார். அது ஒரு கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல்.

1961 நவம்பரில் கிரீன் பேங்கில் ஒரு சின்னக் கூட்டம். பத்துப் பேர் இருந்தால் அதிகம். இளம் வானியலாளர் கார்ல் சேகன் வந்திருந்தார். டால்பின்களோடு பேச முயன்றுகொண்டிருந்த ஜான் லில்லி வந்திருந்தார். வந்திருந்த வேதியியலாளர் மெல்வின் கால்வினுக்கு நோபல் என்ற செய்தி கூட்டம் நடக்கும்போதே வந்து சேர்ந்து, ஷாம்பெயின் திறந்தார்கள். இத்தனை துறைக்காரர்களை உட்காரவைத்து எதை முதலில் பேசுவது, எதை அடுத்துப் பேசுவது? வானியல்காரர் பேச ஒரு எழுத்து, உயிரியல்காரருக்கு ஒரு எழுத்து என்று டிரேக் வரிசையாக எழுதி நடுவில் பெருக்கல் குறி போட்டார். அவ்வளவுதான் கதை.

நான் வகுப்பில் இதை நடத்தும்போது முதல் ஆறு எழுத்தைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுவேன். கடைசி எழுத்தில்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'எல்'. ஒரு நாகரிகம் தன் இருப்பை வெளியில் தெரியும்படி வைத்திருக்கும் காலம். மற்ற எண்களையெல்லாம் அன்று அவர்கள் தோராயமாகப் போட்டுப் பெருக்கியபோது கிட்டத்தட்ட ஒன்று வந்தது. ஆக நம் பால்வீதியில் உள்ள நாகரிகங்களின் எண்ணிக்கையும் 'எல்' ஆண்டுகளும் ஒன்றுதான். ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடித்தால் ஆயிரம் நாகரிகம். டிரேக் தன் கார் நம்பர் பலகையிலேயே 'என் ஈக்வல்ஸ் எல்' என்று சுருக்கி எழுதி வைத்திருந்தார்.

அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவர் இயற்பியலாளர் பிலிப் மாரிசன். ஹைட்ரஜன் அலையில் தேடலாம் என்று 1959-இல் ஜுசெப்பே கொக்கோனியோடு சேர்ந்து எழுதியவர். தேடினால் வெற்றி கிடைக்கும் வாய்ப்பைக் கணிப்பது கடினம், தேடாவிட்டால் வாய்ப்பு பூஜ்யம் என்று முடியும் அந்தக் கட்டுரை. அதே மாரிசன்தான் 1945-இல் முதல் அணுகுண்டின் புளூட்டோனிய உருண்டையை ஒரு காரின் பின்சீட்டில் வைத்துச் சோதனைத் திடலுக்குக் கொண்டுபோனார். போர் முடிந்ததும் ஹிரோஷிமாவுக்கு நேரில் போய்ப் பார்த்தார். ஒரு நாகரிகம் எத்தனை நாள் தாங்கும் என்று அந்த மனிதர் இருக்கும் அறையில் பேசுகிறார்கள். கியூபா ஏவுகணை நெருக்கடிக்கு இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. எனக்கு அந்தக் கடைசி எழுத்து ஏலியனைப் பற்றியதாகவே தோன்றுவதில்லை.

கொசு எழுதியது:

இதெல்லாம் பழைய கதை. கே2-18பி என்ற கோளில் உயிர் இருக்கிறது என்று போன வருடமே கண்டுபிடித்துவிட்டார்களே, அதுவும் ஒரு இந்தியர். இன்னும் ரேடியோவா?

கணக்கு டீச்சர் எழுதியது:

கண்டுபிடிக்கவில்லை தம்பி. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, 124 ஒளியாண்டு தள்ளியிருக்கும் அந்தக் கோளின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவுக்கார மூலக்கூறு ஒன்றின் தடயம் தெரிவதாகச் சொன்னது. நம் கடலில் அதை மிதவை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன, அதனால் பரபரப்பு. ஆனால் அவர்கள் சொன்னதே மூன்று சிக்மா அளவுதான் (சிக்மா என்பது தற்செயல் இல்லை என்ற உறுதிக்கான அளவுகோல்), கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும். அதே தரவை வேறு குழுக்கள் அலசியபோது அந்தத் தடயம் நிற்கவில்லை. 67பி என்ற வால்மீனிலும் இதே மூலக்கூறு இருந்திருக்கிறது. வால்மீனில் யார் நுண்ணுயிர் வளர்த்தார்கள்?

நீலகிரி எக்ஸ்பிரஸ் எழுதியது:

நம் ஊர் சம்பந்தம் ஒன்று சொல்கிறேன். டிரேக் தேடிய அதே காலத்தில் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் டி.கே. மேனன் என்ற இந்தியர் வேலை பார்த்தார். 1961-இல் கோவிந்த் ஸ்வரூப், முகுல் குண்டு, கிருஷ்ணன் ஆகியோரோடு சேர்ந்து ஹோமி பாபாவுக்குக் கடிதம் எழுதினார்: நாங்கள் நாடு திரும்பத் தயார், ரேடியோ வானியல் தொடங்குவோம் என்று. அந்தக் கடிதத்திலிருந்து முளைத்ததுதான் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் நிற்கும் தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை 11 பாகை, மலைச்சரிவும் அதே 11 பாகை. அதனால் பூமியின் அச்சுக்கு இணையாகச் சரிவிலேயே படுக்கவைத்து, ஒரே அச்சில் உருட்டி நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். நான் முதல்முறை பார்த்தபோது யாரோ மலையில் ராட்சதக் கயிற்றுக்கட்டிலைச் சாய்த்து வைத்த மாதிரி இருந்தது.

அப்புறம், டிரேக்கின் தேடலுக்குத் துணைநின்ற கிரீன் பேங்க் இயக்குநர் ஓட்டோ ஸ்ட்ரூவ். முன்பு யெர்க்ஸ் ஆய்வகத்தில் நம் சந்திரசேகரை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர் போலிருக்கிறது.

குறுக்குசால் எழுதியது:

டீச்சர், நிகழ்ச்சி நிரல் என்று சொன்னது எனக்கு நன்றாக உறைத்தது, நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் கேட்டாகிவிட்டது. ஒன்றும் இல்லை. எப்போதுதான் 'இல்லை' என்று ஒப்புக்கொள்வீர்கள்?

இன்னொன்று. 1974 நவம்பர் 16 அன்று இதே டிரேக் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கொத்தை நோக்கி 1,679 பிட் (0 அல்லது 1) கொண்ட செய்தி ஒன்று அனுப்பினார். பகா எண்கள் 73-ஐயும் 23-ஐயும் பெருக்கினால் அது வரும், அந்த அளவில் அடுக்கினால் படம் தெரியும், அழகான யோசனைதான். ஆனால் யாரைக் கேட்டு அனுப்பினார்? இங்கிலாந்து வானியலாளர் மார்ட்டின் ரைல் அப்போதே கடுமையாக ஆட்சேபித்தார். காட்டில் தனியாக இருக்கிறோம், யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, அங்கே நின்று 'ஓ' என்று கத்துவது புத்திசாலித்தனமா?

மொட்டைமாடி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு டிரேக் சொன்ன பதில்: ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருக்கிறோம். ராடாரும் டிவியும் அதற்கு முன்பே வெளியே கசிந்துவிட்டன. தவிர எம்13 சுமார் 25,000 ஒளியாண்டு தூரம். பதில் வர 50,000 ஆண்டு. ரைல் பயந்தது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஆனாலும் யாரைக் கேட்டார் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன்.

முதல் கேள்விக்கு: வேற்றுலக உயிர் தேடும் வானியலாளர் ஜில் டார்ட்டர் ஒரு கணக்குச் சொல்வார். கடலில் மீன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு பார்த்து, மீன் இல்லை என்று சொல்வதா? 2018-இல் மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டு, டம்ளர் இல்லை, ஒரு சின்ன நீச்சல் குளம் அளவு பார்த்திருக்கிறோம் என்றார்கள். சென்னைக்காரர் பாஷையில் ஒரு தண்ணி லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கடல்களோடு ஒப்பிட்டால் லாரியும் டம்ளரும் ஒன்றுதான்.

அறுபது வருடம் என்பதும் முழு உண்மை இல்லை. டிரேக்கின் முதல் தேடலே மொத்தம் 150 மணி நேரம்தான். நாசா தன் பெரிய தேடலை 1992 அக்டோபர் 12-இல் ஆரம்பித்தது. அடுத்த வருடமே ரிச்சர்ட் பிரையன் என்ற செனட்டர் காசை நிறுத்திவிட்டார். நாசா பட்ஜெட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத தொகை. அதற்குப் பிறகு பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது வண்டி.

சரி, என் கூத்து. அட்டையில் கூம்பு செய்து, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, ஒரு பெருக்கி, ரேடியோ அலையை லேப்டாப்புக்குக் கொண்டுவரும் ஒரு டாங்கிள், லேப்டாப். வானத்தை நேர் மேலே பார்த்து வைத்துவிட்டேன். அக்டோபர் தொடக்கத்தில் மாலை ஏழு மணிக்குத் திருவோணம் உச்சிக்கு வரும், பால்வீதி அதை ஒட்டித்தான் கடக்கும். முதல் நாள் ஏழு மணிக்குத் திரையில் 1420 பக்கம் ஒரு மேடு எழும்பியது பாருங்கள், கை நடுங்கிவிட்டது. பால்வீதி ஹைட்ரஜன் என்று வீட்டில் எல்லோரையும் மாடிக்கு இழுத்து வந்து காட்டினேன். அம்மா 'நல்லா இருக்குப்பா' என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். பன்னிரண்டு நாளாக வருகிறது. ஆனால் ரொம்ப அகலமாக இருக்கிறது. ஹைட்ரஜன் மேடு இவ்வளவு அகலம் வராது. என்னவாக இருக்கும்?

பழைய ரேடியோ எழுதியது:

தம்பி, பன்னிரண்டு நாளும் ஏழு மணிக்கேவா வந்தது? குறிப்பு எழுதி வைத்திருந்தால் சரியான நேரத்தைப் போடுங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

ஆமாம் ஐயா. 7.00, 7.01, 6.58, 7.00... இப்படியேதான். பத்து மணி போல நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் மூன்றுக்கே வந்துவிட்டது.

பழைய ரேடியோ எழுதியது:

அப்படியானால் அது நட்சத்திரம் இல்லை, மனுஷன். நட்சத்திரம் நம் கடிகாரத்தைப் பார்க்காது. தினமும் நாலு நிமிடம் முன்னால் உச்சிக்கு வரும். பன்னிரண்டு நாளில் முக்கால் மணி நேரம் முந்தியிருக்க வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பெல் ஆய்வகப் பொறியாளர் தொலைபேசிக்கு இடைஞ்சல் தரும் இரைச்சலைத் தேடிக்கொண்டிருந்தார். அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதைக் கவனித்துத்தான் பால்வீதியிலிருந்து வருகிறது என்று பிடித்தார். ரேடியோ வானியல் பிறந்ததே அந்த நாலு நிமிடத்தில்.

உங்களுடையது ஞாயிறு மதியம் வருகிறது என்றால் அதற்கு வார நாள் தெரிகிறது. மாடியில் டிடிஎச் டிஷ் இருக்கிறதா? யாருடையது? வயர் எந்த வழியாக இறங்குகிறது?

மொட்டைமாடி எழுதியது:

கீழ் வீட்டு அத்தையுடையது. கூம்பிலிருந்து நாலடி தள்ளி. வயர் கைப்பிடிச் சுவரோரமாகப் போகிறது, நடுவில் ஒரு இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது. ஐயோ.

பழைய ரேடியோ எழுதியது:

அதேதான். டிஷ் மூக்கில் இருக்கும் எல்என்பி, சாட்டிலைட்டிலிருந்து வரும் 11, 12 கிகாஹெர்ட்ஸை 950-இலிருந்து 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கித்தான் வயரில் அனுப்பும். உங்கள் 1420 அதற்குள்ளே. எல்என்பிக்கு மின்சாரம் அதே வயரில் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸிலிருந்து மேலே வரவேண்டும். பாக்ஸைப் போட்டால்தான் அது உயிர் பெறும். ஏழு மணிக்கு அத்தை சீரியல் போடுகிறார். ஞாயிறு மதியம் சினிமா. டேப் சுற்றிய இடத்தில் வயரின் வலைக்கவசத்தை யாரோ கையால் முறுக்கி ஒட்டியிருப்பார்கள், அங்கேதான் கசிகிறது. எஃப் கனெக்டர் இரண்டும் நடுவில் ஒரு இணைப்பானும் வாங்கி ஒழுங்காகப் போடுங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். அதற்கு முன்னால் கூம்பைச் சுவர் பக்கம் திருப்பிப் பாருங்கள். டிரேக் ஜன்னலில் வைத்த சின்ன ஆன்டெனாவின் வேலை அதுதான்.

வெட்கப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல வருடம் மர்மமாக இருந்த துடிப்புகள், 2015-இல்தான் தெரிந்தது, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு. சூடாகி முடியுமுன் யாரோ அவசரக்காரர் கதவைத் திறந்திருக்கிறார். அதே தொலைநோக்கி 2019-இல் பிராக்சிமா செண்டாரி பக்கம் 982 மெகாஹெர்ட்ஸில் பிடித்த சிக்னலும், இரண்டு வருடம் கழித்து, நம்முடைய கருவிகளின் குறுக்கீடு என்று முடிந்தது.

கொசு எழுதியது:

ஏலியன் சீரியல் பார்க்கிறான் 😂

குறுக்குசால் எழுதியது:

ஐயா, சீரியல் கதை அருமை. ஆனால் இது என் கட்சிக்குத்தான் பலம். இதுவரை பிடித்ததெல்லாம் நாமே.

பழைய ரேடியோ எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த டிஷ்ஷை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். நான் நாற்பது வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன். அப்போது டிவி நிலையம் என்றால் வானுயரக் கோபுரம், கிலோவாட் கணக்கில் பீய்ச்சும். பாதி ஊருக்குள், பாதி வானத்துக்கு. இப்போது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சாட்டிலைட், அதுவும் பூமியைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சன்னமாக அனுப்புகிறது. மீதி எல்லாம் கண்ணாடி இழை வழியாகத் தரைக்கடியில் போகிறது. வெளியிலிருந்து கேட்பவனுக்குப் பூமி நாளுக்கு நாள் அமைதியாகிறது. 2010-இல் டிரேக்கே லண்டனில் இதைச் சொன்னார், டிஜிட்டலுக்கு மாறியதால் நாம் கண்ணுக்கு மறைந்துகொண்டிருக்கிறோம் என்று.

அப்படியானால் டீச்சர் சொன்ன 'எல்' குண்டு போட்டு அழிவதற்கான கணக்கு மட்டும் இல்லை. நன்றாக வாழ்ந்துகொண்டே சத்தம் குறைத்துக்கொள்பவனும் அந்த எழுத்தில் குறைந்துபோவான். ஃபெர்மி கேட்டதற்கு இது ஒரு பதில். எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

கணக்கு டீச்சர் எழுதியது:

ஐயா, இந்த வருடம் வகுப்பில் இதைச் சேர்த்துக்கொள்கிறேன். நான் இத்தனை நாளும் 'எல்' என்றால் ஆயுள் என்றே சொல்லிக்கொடுத்துவிட்டேன். 'தெரியும்படி இருக்கும் காலம்' என்று எழுதிப்போட்டாலும் விளக்கம் என்னவோ அழிவைப் பற்றித்தான் இருக்கும்.

குறுக்குசால் தம்பிக்கு ஒன்று. அந்த முதல் பொய் சிக்னல் வந்த திசையில் இருந்த எப்சிலான் எரிடானிக்கு ஒரு கோள் இருப்பதாக 2000-இல் அறிவித்தார்கள். 1960-இல் சூரியனைத் தவிர எந்த நட்சத்திரத்துக்கும் கோள் உண்டென்று ஒருவருக்கும் தெரியாது. இன்று உறுதிப்பட்டவை 6,000-க்கு மேல். ஏழு தெரியாத எண்களில் ஒன்றை அழித்தாகிவிட்டது. மற்றவையும் அழியும் என்று சொல்லவில்லை.

குறுக்குசால் எழுதியது:

ஏழில் ஒன்றுக்கு அறுபது வருடம். உயிரியல் எழுத்துகளுக்கு இன்னும் எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 😀 ஆனால் ஜன்னல் சாத்தும் விஷயம் யோசிக்க வைக்கிறது. அப்படியென்றால் டிரேக் நம்பிய ரேடியோ வழியே வீண் ஆகாதா? அவர் வாதத்தை அவரே உடைத்துக்கொள்கிறாரே?

மொட்டைமாடி எழுதியது:

ஓரளவு உடைகிறதுதான். தற்செயலாகக் கசிவதைப் பிடிக்கும் நம்பிக்கை குறைகிறது. வேண்டுமென்றே ஒருவன் அனுப்பினால்தான் உண்டு, அல்லது கோள்களை ஆராய நாம் அனுப்பும் ராடார் மாதிரி பலமான கற்றை நம்மைத் தற்செயலாகத் தொட வேண்டும். டிரேக் பிற்காலத்தில் லேசர் மின்னல்களைத் தேடுவதையும் ஆதரித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர் வீட்டில் ஆர்க்கிட் வளர்த்தார், வருடத்தில் ஓரிரு நாள் மட்டுமே பூக்கும் வகை ஒன்று உட்பட. அந்தப் பொறுமை எனக்கு வராது.

இனி என் நிலவரம். கூம்பைச் சுவர் பக்கம் திருப்பினேன். மேடு அசையவே இல்லை. அத்தையிடம் போய்ப் பத்து நிமிடம் பாக்ஸை அணைக்கச் சொன்னேன். 'விளம்பரம் வரட்டும், அணைக்கிறேன்' என்றார். விளம்பரம் வந்தது, அணைத்தார், மேடு விழுந்தது. நேற்று டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்த செம்புக் கம்பி, வலைக்கவசம் ஒரு பக்கம் தனியாகத் தொங்குகிறது. கனெக்டர் போட்டாயிற்று. அத்தைக்கு இரண்டு சேனல் கூடுதலாக வருகிறதாம், எனக்கு முறுக்கு கொடுத்தார்.

இன்று 6.10-க்கு ஒரு சின்ன மேடு வந்தது. குறுகலாக, 1420.4-ஐ ஒட்டி, இரண்டு முனையோடு. நாளை 6.06-க்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய ரேடியோ எழுதியது:

வந்தால் எழுதுங்கள். கூம்பின் வாய் எவ்வளவு?

மொட்டைமாடி எழுதியது:

75-க்கு 60 சென்டிமீட்டர் ஐயா. மழை வந்தால் அட்டை ஊறிவிடும், தகரத்தில் செய்யப்போகிறேன். திருச்சியில் நல்ல தகரம் எங்கே கிடைக்கும்?